ககேத்தி ஒயின் பயணம்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஜார்ஜியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது ககேத்தி. அந்த நாட்டு ஒயின் திராட்சையில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. நான் தலைநகர் திபிலிசியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் நண்பர்களை அங்கே கூட்டிப்போவது எனக்குப் பழகிப்போன வேலை. சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜாவிலிருந்து: அக்கா, நாலு நாள் லீவில் திபிலிசி வருகிறோம். ககேத்தியைக் காலையில் போய் ராத்திரி திரும்பும் டூராக விற்கிறார்கள். அது போதுமா?

போதாது. அந்த டூர் எப்படி இருக்கும் என்றால், வழியில் ஒரு தேன் கடை, ஒரு ரொட்டிக் கடை, போட்பே மடாலயத்தில் அரை மணி, சிக்நாகியில் ஒரு மணி, அப்புறம் ஒரு பெரிய ஒயினரியில் வரிசையாக ஆறு கோப்பை. சாப்பாடு வரும்போது மணி நாலாகியிருக்கும். வெறும் வயிற்றில் ஆறு கோப்பை இறங்கினால் எது நன்றாக இருந்தது என்பது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

நாலு நாளில் இரண்டு ராத்திரியை ககேத்திக்குக் கொடுங்கள். முதல் நாள் சிக்நாகி. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் கட்டிய மதிலும் அதன் 23 கோபுரங்களும் மலை மேல் வளைந்து போகும். மாலையில் மதில் மேல் நின்றால் கீழே அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு, எதிரே காகசஸ் மலைத் தொடர். போட்பே பக்கத்திலேயே இருக்கிறது. ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவை அடக்கம் செய்த இடம் அது.

இரண்டாம் நாள் க்வாரெலி வழியாகத் தெலாவி. வழியில் கிரெமியில் நிறுத்துங்கள். பதினாறாம் நூற்றாண்டில் ககேத்தி அரசின் தலைநகராக இருந்து, பாரசீகத்து ஷா அப்பாஸின் படையெடுப்பில் அழிந்த ஊர். கோட்டையும் கோயிலும் மட்டும் குன்றின் மேல் மிச்சம். மூன்றாம் நாள் காலை அலவெர்தி பேராலயம், பிறகு சினண்டாலி, அங்கிருந்து கோம்போரி கணவாய் ஏறித் திபிலிசி.

ஒரு நாளுக்கு இரண்டு டேஸ்டிங்குக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டில் ஒன்று பெரிய ஒயினரி, இன்னொன்று ஒரு குடும்பத்தின் மரானி. வீட்டோடு சேர்ந்த ஒயின் அறையைத்தான் அங்கே மரானி என்கிறார்கள். மரானிக்குப் போகும்போது சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லி வையுங்கள். இந்த ஊர் ஒயின் சாப்பாட்டு மேசையில்தான் புரியும்.

கோவையிலிருந்து: க்வெவ்ரி என்கிறார்களே, அது என்ன? வெள்ளைத் திராட்சை ஒயின் என்று கொடுத்தார்கள், டீ டிகாஷன் நிறத்தில் துவர்ப்பாக இருந்தது. கெட்டுப்போனதா?

கெட்டுப்போகவில்லை, அதன் குணமே அதுதான். க்வெவ்ரி என்பது அடி கூம்பிய பெரிய மண் ஜாடி. நம் ஊர் முதுமக்கள் தாழியைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்தது போல இருக்கும். உள்ளே தேன்மெழுகு பூசியிருப்பார்கள். சில ஆயிரம் லிட்டர் பிடிக்கும் ஜாடிகளும் உண்டு, ஆள் உள்ளே இறங்கிக் கழுவுவார். திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, ககேத்தியில் காம்பும் சேர்த்து, உள்ளே கொட்டிவிடுவார்கள். தோலில் இருக்கும் ஈஸ்டிலேயே நொதித்துவிடும். நொதிப்பு அடங்கியதும் மூடி வைத்துவிட்டு ஐந்தாறு மாதம் கழித்துத் திறப்பார்கள். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பநிலை அதிகம் ஏறாது, இறங்காது.

ஐரோப்பிய முறையில் வெள்ளை ஒயினுக்குச் சாற்றை உடனே பிழிந்து தோலை அகற்றிவிடுவார்கள், அதனால் அது வெளிர்ந்து லேசாக இருக்கும். இங்கே தோலோடு மாதக்கணக்கில் ஊறுவதால் நிறமும் துவர்ப்பும் ஏறுகின்றன. உலகம் இப்போது ஆரஞ்சு ஒயின் என்று கொண்டாடுவது இந்த வகையைத்தான், இங்கே அதை ஆம்பர் என்பார்கள். தனியாகக் குடித்தால் நாக்கு வறண்டதுபோல ஆகும். வால்நட் அரைத்த பதார்த்தம், கொழுத்த சீஸ், சுட்ட இறைச்சி இவற்றோடு குடித்தால் அதே துவர்ப்பு எண்ணெய்ப் பிசுக்கை வெட்டிவிடும். ரொம்ப ஜில்லென்றும் கேட்காதீர்கள். ஜில்லிப்பு கூடினால் துவர்ப்புதான் முன்னால் நிற்கும்.

2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஒன்று: ஜார்ஜிய ஒயினில் பெரும்பகுதி இன்று எஃகுத் தொட்டியில்தான் தயாராகிறது, க்வெவ்ரி சிறு பங்குதான். கடையில் வாங்கும்போது லேபிளில் க்வெவ்ரி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: எட்டாயிரம் வருஷப் பாரம்பரியம் என்று விமான நிலையம் முதல் டீ சட்டை வரை எழுதி வைத்திருக்கிறார்கள். விளம்பரமா, உண்மையா?

இரண்டும். திபிலிசிக்குத் தெற்கே கடச்ரிலி கோரா, ஷுலாவேரிஸ் கோரா என்ற புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினுக்குரிய டார்டாரிக் அமிலம் முதலியவற்றின் எச்சம் இருந்ததாக 2017-இல் ஆய்வு வெளியானது. காலம் பொ.ஆ.மு. 6000-க்கும் 5800-க்கும் இடையே. திராட்சை ஒயினுக்கு இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய வேதியியல் சான்றுகளில் அது ஒன்று. ஆனால் அந்த மேடுகள் ககேத்தியில் இல்லை. அந்தப் பானைகளும் இன்றைய புதைத்த க்வெவ்ரி இல்லை, அது பிற்பாடு வந்தது. மரானிக்காரர் “எங்கள் தாத்தா எட்டாயிரம் வருஷமாக” என்று ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு அதைவிட சமீபத்திய கதைதான் சுவாரசியம். சோவியத் காலத்தில் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டது அளவுதான். நல்ல விளைச்சல் தரும் சில ரகங்களை மட்டும் பரப்பினார்கள், நாட்டில் 500-க்கும் மேற்பட்ட சொந்த ரகங்கள் இருந்தும். குடும்பங்கள் தங்களுக்கென்று வீட்டில் ஒயின் தயாரித்துக்கொண்டதால்தான் க்வெவ்ரி தப்பித்தது. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தது. ஏற்றுமதியில் பெரும்பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது, ஒரே நாளில் சந்தை போயிற்று. 2013 வரை அந்தத் தடை நீடித்தது. வேறு நாடுகளில் விற்க வேண்டுமென்றால் தரம் வேண்டும், சொல்ல ஒரு விஷயமும் வேண்டும். இன்று நீங்கள் போய் உட்காரும் சின்ன மரானிகள் பல அந்த நெருக்கடிக்குப் பிறகு கதவு திறந்தவை.

மதுரையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. பட்டினியா?

ஐரோப்பாப் பக்கம் சைவருக்கு இவ்வளவு வசதியான சமையல் அபூர்வம். ப்காலி என்று கீரை, பீட்ரூட் எதையாவது வேகவைத்து வால்நட்டும் பூண்டும் அரைத்துச் சேர்த்து உருண்டையாகத் தருவார்கள். பத்ரிஜானி, வதக்கிய கத்தரிக்காய்க்குள் அதே வால்நட் விழுது. லோபியோ, மண்சட்டியில் வெந்த சிவப்புக் காராமணி மாதிரியான பீன்ஸ், கூடவே மச்சாதி என்ற மக்காச்சோள ரொட்டி. அஜப்சந்தாலி என்பது கத்தரி, தக்காளி, குடைமிளகாய்க் கூட்டு. உத்ஸ்கோ சுனேலி என்று வெந்தய இனத்துச் செடி ஒன்றை மசாலாவில் சேர்ப்பார்கள், வாசனை உங்களுக்கு அந்நியமாக இருக்காது. காரம்தான் போதாது, ஊறுகாய் பாட்டில் கொண்டுவருபவர்களை நான் தடுப்பதில்லை.

கவனிக்க வேண்டியவை: கச்சாபுரி என்பது சீஸ் ரொட்டி. அஜாரிய கச்சாபுரியில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள், இமெரெத்திய கச்சாபுரி கேளுங்கள். அதிலும் மாவில் முட்டை உண்டா என்று விசாரியுங்கள். கின்காலி கொழுக்கட்டை பெரும்பாலும் இறைச்சிதான், காளானோ உருளைக்கிழங்கோ வைத்ததும் கிடைக்கும். சீஸ் உறைய ரென்னெட் என்று கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்த்திருக்கலாம். எல்லாவற்றையும் விட உதவும் ஒரு வார்த்தை “சமர்க்வோ”. ஆர்த்தடாக்ஸ் நோன்பு உணவு என்று அர்த்தம், அதாவது இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாதது. புதன், வெள்ளி நோன்பு இருப்பவர்களும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமும் அங்கே உண்டு என்பதால் சமையற்கட்டில் உடனே புரிந்துகொள்வார்கள்.

சென்னையிலிருந்து: கணவருக்கு ஒயின் ஆசை. நான் தொடுவதே இல்லை. எனக்குப் போர் அடிக்குமா?

அடிக்காது. அலவெர்தி ஒன்றுக்கே வரலாம். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம், சமவெளியில் தனியாக நிற்கும், பின்னால் பனிமலை. உள்ளே போகத் தலைக்குத் துணி, நீளப் பாவாடை வேண்டும், ஆண்களுக்கு அரைக்கால் சட்டை கூடாது. சினண்டாலியில் கவிஞர் அலெக்சாந்தர் சவ்சவாட்சேயின் மாளிகையும் தோட்டமும் இருக்கின்றன. சிக்நாகி அருங்காட்சியகத்தில் பிரோஸ்மானியின் ஓவியங்கள் இருக்கின்றன, அவர் பிறந்ததும் ககேத்தியில்தான். மரானியில் உங்களுக்குத் திராட்சைச் சாறோ லெமனேடோ தருவார்கள். தோனே அடுப்பின் உள்சுவரில் ஷோத்தி ரொட்டி ஒட்டிச் சுடுவதைப் பார்க்கலாம், கேட்டால் உங்களையும் ஒட்டச் சொல்வார்கள்.

தோஹாவிலிருந்து: வீட்டு விருந்தில் டோஸ்ட் என்று வாழ்த்து மேல் வாழ்த்து சொல்லி ஊற்றிக்கொண்டே இருப்பார்களாமே. எப்படித் தப்பிப்பது?

அந்த விருந்துக்கு சுப்ரா என்று பெயர். தலைமை தாங்குபவரைத் தமதா என்பார்கள். கடவுள், சமாதானம், இறந்தவர்கள், குழந்தைகள், விருந்தாளி என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் பேசுவார், பேசி முடித்தபின் எல்லோரும் “கௌமார்ஜோஸ்” சொல்லிக் குடிப்பார்கள். நடுவில் நீங்களாக உறிஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. பேச்சு நீளமாகப் போகும், அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் கோப்பையைக் காலி செய்ய வேண்டும் என்று விருந்தாளியைக் கட்டாயப்படுத்துவது குறைவு, வாய் வைத்தால் போதும். மாட்டுக்கொம்புக் கோப்பை கைக்கு வந்தால்தான் சிக்கல். குடித்து முடிக்காமல் அதைக் கீழே வைக்க முடியாது. மருந்து சாப்பிடுகிறேன், குடிப்பதில்லை என்பதை விருந்து தொடங்குமுன் சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சாச்சா என்று நிறமில்லாத சாராயம் ஒன்று வரும். திராட்சைச் சக்கையிலிருந்து காய்ச்சியது. வீட்டுச் சாச்சா ஐம்பது சதவீதத்தைத் தாண்டக்கூடும். அதோடு ஒயினைக் கலக்காதீர்கள்.

அபுதாபியிலிருந்து: வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டலாமா?

குடிக்காத ஒருவர் கூட இருந்தால் ஓட்டலாம். இல்லையென்றால் டிரைவரோடு எடுங்கள். துப்பிவிட்டு ஓட்டிக்கொள்கிறேன் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் அங்கே அனுமதிக்கும் மதுவின் அளவு மிகக் குறைவு, மாட்டினால் அபராதம், உரிமம் இரண்டும் போகும். மலைப் பாதையில் முந்துகிறவர்களைப் பார்த்தால் நீங்களே சாவியைக் கொடுத்துவிடுவீர்கள்.

திபிலிசி மருத்துவ மாணவர்: அக்கா, பட்ஜெட் இல்லை. மார்ஷ்ருட்கா வேன் போதுமா?

தாராளமாக, தம்பி. சிக்நாகி வேன் சம்கோரி மெட்ரோ பக்கத்திலிருந்து கிளம்பும். திரும்பும் கடைசி வேன் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள். கிராமத்து மரானிகளுக்கு வேன் போகாது, நாலு பேராகத் தெலாவியில் ஒரு டாக்சி பேசிக்கொள்ளுங்கள். சாலையோரம் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கும் ஒயின் மலிவாக இருக்கும். வெயிலில் நின்றது, வாங்காதே.

பெங்களூரிலிருந்து: எந்த மாதம்?

அறுவடைக்கு ர்த்வெலி என்று பெயர், ககேத்தியில் செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை. மிதிக்கவும் பறிக்கவும் விடுவார்கள், ஆனால் அறை விலை ஏறியிருக்கும், மரானிக்காரருக்குப் பேச நேரமும் இருக்காது. ஒயினைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மே மாதம். க்வெவ்ரிகளை வசந்தத்தில்தான் திறப்பார்கள், மலையில் பனியும் மிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் ஊர் மாதிரிதான், அதற்கு டிக்கெட் எடுத்து வர வேண்டாம்.

திருச்சியிலிருந்து: இனிப்பு ஒயின்தான் பிடிக்கும். எதை வாங்கலாம், எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

கிண்ட்ஸ்மராவுலி. க்வாரெலிப் பக்கத்து சபெராவித் திராட்சையில் வரும் அரை இனிப்புச் சிவப்பு. சபெராவிக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு, வெள்ளைச் சட்டையில் பட்டால் போகாது. “இனிப்பு ஒயினா” என்று ரசனைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். இனிப்பில்லாமல் கனமாக வேண்டுமென்றால் அதே திராட்சையில் முகுசானி. இந்தியாவுக்கு ஒரு பயணி தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம், அதாவது 750 மில்லியில் இரண்டு பாட்டில். கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். பெட்டியில் இடமிருந்தால் சுர்ச்கேலா வாங்குங்கள். நூலில் கோத்த வால்நட்டை, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கி உலர்த்தியது. தொட்டால் கொஞ்சம் வளைய வேண்டும், விறைத்திருந்தால் பழசு.

மஸ்கட்டிலிருந்து: விசா?

வளைகுடா நாடுகளின் செல்லுபடியாகும் குடியிருப்பு அனுமதி இருந்தால் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. விதிகள் மாறும், டிக்கெட் போடுமுன் ஜார்ஜிய வெளியுறவுத் துறையின் தளத்தைப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு, ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட் மூன்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

சென்னையிலிருந்து: ஆறு வயதுப் பையனோடு வரலாமா?

வரலாம். க்வாரெலியில் மலையைக் குடைந்த ஒயின் சுரங்கம் இருக்கிறது, அவனுக்கு அது பிடிக்கும். உள்ளே வருஷம் முழுக்க 12 முதல் 14 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். மரானியில் சுர்ச்கேலா முக்க விடுவார்கள். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் மட்டும் திரும்பும்போது கோம்போரி வளைவுகளைத் தவிர்த்து, குர்ஜானி, சகரெஜோ வழியாக வாருங்கள். நேரம் கொஞ்சம் கூடும், சாலை நேராக இருக்கும்.