‘வாழ்ந்த வீடு’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை மாறுவதற்காக ஆங்கில இலக்கணத்தை மறுபடி படிக்கிறேன். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியங்களைப் பிரிப்பதற்குள் தலை சுற்றுகிறது. அதிலும் ஹூ, விச், வேர் என்று நடுவில் வந்து நிற்கும் துணைவாக்கியங்கள் பிடிபடவே இல்லை. தமிழில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ‘தி ரூம் விச் ஐ ஸ்டடி இஸ் டார்க்’ என்பது காம்ப்ளெக்ஸ் வாக்கியம்தானே? எதை முதலில் மனப்பாடம் செய்வது?

ச.

அன்புள்ள ச.,

மனப்பாடம் எதுவும் வேண்டாம். அந்த நான்கு பெயர்களும் தேர்வுத்தாளுக்கு உதவும், அவ்வளவுதான். எழுவாயும் முற்றுவினையும் சேர்ந்த ஜோடி எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் சிம்பிள். இரண்டு இருந்து, இரண்டும் தனியாக நிற்குமென்றால் காம்பவுண்ட். ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். நான்காவது, இவை இரண்டும் கலந்தது. இதற்குமேல் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஆனால் ‘தமிழில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது’ என்று எழுதிவிட்டீர்களே, அதை நான் விடப்போவதில்லை. தமிழில் இல்லையா? நேற்று வந்த பெண், நான் படித்த புத்தகம் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறீர்கள்? அந்த ‘வந்த’வும் ‘படித்த’வும் பெயரெச்சம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோனீர்கள். ஆங்கிலம் வராததற்குக் காரணம் ஆங்கிலம் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, கையில் இருக்கும் தமிழைக் கவனிக்காததுதான் காரணம் என்று தோன்றுகிறது.

சில வாரங்களாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் சொல்லிவிட்டது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ‘படித்த’வை எடுத்துக்கொள்ளுங்கள். படித்த பெண், படித்த கண்ணாடி, படித்த அறை, படித்த படிப்பு, படித்த நாள், படித்த புத்தகம். ஒரே ‘படித்த’தான். பெண் படித்தாள், கண்ணாடியால் படித்தாள், அறையில் படித்தாள். உறவு ஒவ்வொன்றிலும் வேறு, சொல்லில் மட்டும் அது தெரிவதில்லை. கேட்பவர் தானாகப் புரிந்துகொள்கிறார்.

‘வீட்டில் வாழ்ந்தேன்’ என்பதைத் திருப்பிப் போட்டால் ‘வாழ்ந்த வீடு’. அந்த ‘இல்’ எங்கே போனது? தமிழ் அதை விழுங்கிவிட்டது. ஆங்கிலம் விழுங்காது. ‘ஐ லிவ்ட் இன் தி ஹவுஸ்’ என்பதைத் திருப்பினால் ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்ட்’, அல்லது ‘தி ஹவுஸ் ஐ லிவ்ட் இன்’. விச் போனாலும் போகலாம், இன் போகக் கூடாது. ‘வேர்’ போட்டால் மட்டும் தனியாக இன் வேண்டாம், அந்த ‘இல்’ அதற்குள்ளேயே இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு முதிய மெய்ப்புத் திருத்துநர். என் முதல் வேலையில் பக்கத்து மேசை அவருடையது. ஒருநாள் நான் ஆங்கிலத்தில் எழுதிய பத்தியை அவரிடம் நீட்டினேன். ‘தி ஹவுஸ் விச் ஐ லிவ்ட்’ என்று எழுதியிருந்தேன். அவர் பென்சிலை வாக்கியத்தின் முடிவில் வைத்து, வலமிருந்து இடமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். லிவ்ட் என்ற சொல்லைத் தொட்டதும் நின்றது. அதற்கு வலப்பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு சின்ன வட்டம் போட்டார். “வீட்டில் வாழ்ந்தியா, வீட்டையே வாழ்ந்தியாப்பா?” என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அன்று மாலை வரை பழைய தாள்களை எடுத்து, ஒவ்வொரு விச்சுக்கும் பின்னால் என்ன விழுந்துபோயிருக்கிறது என்று தேடினேன். ஏழெட்டு இடங்கள். எல்லாமே நான் தமிழில் யோசித்து, விழுங்கப்பட்ட வேற்றுமையை மறந்து எழுதிய இடங்கள்.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே உட்கார்ந்து படிக்கிறீர்கள், அது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பு அட்டவணை மனப்பாடத்தில் வீணாகக் கூடாது. ஒரு விச் எழுதும்போது, அந்தப் பெயர்ச்சொல்லைத் துணைவாக்கியத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அங்கே இல், ஆல், ஓடு என்று எந்த உருபு ஒட்டுகிறதோ அதற்கு ஆங்கிலத்தில் ஓர் இடம் கொடுங்கள். காற்புள்ளி எங்கே வரும், தட் எங்கே வரும் என்பதெல்லாம் அப்புறம்.

சரி, உங்கள் வாக்கியம். காம்ப்ளெக்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் ஸ்டடிக்கு வலப்பக்கம் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறேன்.