பதில்: ஒரு வேலையை 'முடிந்தது' என்றதும் மீதிப் பட்டியல் அழிகிறது

வயல் வேலைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் ஏஐ ஏஜென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோளாறு பெரும்பாலும் டூலின் (பட்டியலைச் சேமிக்க ஏஜென்ட் அழைக்கும் நிரலின்) விளக்கக் குறிப்பில்தான் இருக்கும். குறுவைக்கு விதை ஊறவைத்ததை ஏஜென்ட் 'முடிந்தது' என்று குறித்ததும் நாற்றங்கால், நடவு, களையெடுப்பு மூன்றும் காணாமல் போகின்றன என்கிறீர்கள். உங்கள் டூல் ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலை நீக்கிவிட்டு, வந்ததை அப்படியே சேமிக்கிறது. குறிப்பிலோ 'பட்டியலைப் புதுப்பிக்கும்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கும் மாடல் (ஏஜென்டை இயக்கும் ஏஐ) மாறிய வரியை மட்டும் அனுப்பக்கூடும்.

குறிப்பின் முதல் வரியை இப்படி மாற்றுங்கள்: "எல்லா வேலைகளையும் அனுப்பு. விட்டுப்போனவை அழிந்துவிடும்."

இதைவிட நல்ல வழி, ஒரு வேலையின் ஐடியையும் (அடையாள எண்) நிலையையும் மட்டும் வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றும் தனி டூல். பட்டியல் நீள நீள, முழுவதையும் திருப்பி எழுதும்போது மாடல் ஒன்றிரண்டைத் தவறவிடக்கூடும்.

மாற்றுமுன் லாக்கில் (செயல் பதிவேட்டில்) மாடல் டூலை அழைத்தபோது என்ன அனுப்பியது என்று பாருங்கள். ஒரே வேலையைத்தான் அனுப்பியிருந்தால் காரணம் இதுவே. நான்கையும் அனுப்பியிருந்தால், சேமிக்கும் புரோகிராம் கோடில் தேடுங்கள்.

நிலைகளையும் வரையறுத்துவிடுங்கள்: காத்திருக்கிறது, நடக்கிறது, முடிந்தது. இல்லாவிட்டால் மாடல் ஒருநாள் 'முடிஞ்சது', மறுநாள் 'ஆயிற்று' என்று எழுதி, வடிகட்டும்போது எதுவும் சிக்காது.

ஒரு எச்சரிக்கை. நாற்றுக்கு 20 நாள் ஆனதை ஏஜென்ட் தேதி பார்த்துச் சொல்லிவிடும். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. வயல் வேலையை ஆள் உறுதிசெய்த பிறகே 'முடிந்தது' ஆக்க வேண்டும் என்பதைக் குறிப்பில் சேருங்கள். குறிப்பை மாடல் மீறவும் கூடும், அதனால் புரோகிராம் கோடிலும் அந்தத் தடையை வையுங்கள்.