டம்பெல் கிக்பேக் என்றால் என்ன? புதியவர்கள் அதை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது?

மேல்கையின் பின்பக்கத் தசைதான் ட்ரைசெப்ஸ். மடங்கிய முழங்கையை நீட்டுவது அதன் வேலை. குனிந்தபடி டம்பெல்லைப் பின்னால் நீட்டி அந்த வேலையைக் கொடுப்பதே கிக்பேக்.

ஆரம்பத்தில் 1 அல்லது 2 கிலோ போதும். செம்புத் தண்ணீரை உடம்போடு அணைத்துப் பிடித்தால் கனம் தெரியாது. கையை நீட்டிப் பிடித்தால் அரை நிமிடத்தில் கை நடுங்கும். இங்கேயும் அப்படித்தான், கை முழுதாக நீளும் இடத்தில் சுமை உச்சத்துக்குப் போகும்.

இடது கையையும் இடது முழங்காலையும் பெஞ்சில் ஊன்றுங்கள். முதுகு கூன் விழாமல் நேராக இருக்கட்டும். வலது மேல்கையை விலாவோடு ஒட்டி, தரைக்கு இணையாக வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே முழங்கையை நீட்டி, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக மடக்குங்கள். கைக்கு 10 தடவை, 2 சுற்று.

பெரும்பாலோர் தவறுவது மேல்கையில்தான். எடை கூடிப்போனால் அது கீழே இறங்கிவிடும். பிறகு ஊஞ்சல்போலத் தோளிலிருந்து வீசத் தொடங்குவார்கள். ட்ரைசெப்ஸுக்கு வேலை குறைந்து, தோளும் இடுப்பும் அடிவாங்கும். உடனே எடையைக் குறையுங்கள். முழங்கையில் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

இதைச் செய்தால் கைக்குப் பின்னால் தொங்கும் கொழுப்பு கரையும் என்று பலர் நம்புகிறார்கள். தசை வலுப்படும், ஆனால் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் தனியாகக் குறையாது.