செல்ஃப் மோட்டாரை மாற்றும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 92,000 கிலோமீட்டர் ஓடிய என் 150 சிசி வண்டியில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்ற ஒலி மட்டுமே வருகிறது. மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். அந்த ஒலி, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயிலிருந்து வருவது. அதை வைத்து மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தும்போது அது 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம். வேறொரு நல்ல பேட்டரியை இணைத்துப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். சரியாமல் 12-க்கு மேலேயே நின்றால், மோட்டாருக்குள் மின்சாரம் பாயவே இல்லை என்று பொருள். அப்போது மீட்டரின் ஒரு முனையை மோட்டாரில் கேபிள் மாட்டும் போல்ட்டிலும் மற்றதை மோட்டாரின் உடம்பிலும் வைத்து மீண்டும் அழுத்துங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையாவிட்டால், பெரும்பாலும் மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, கம்யூட்டேட்டரை (தண்டோடு சுற்றும் செப்புப் பட்டை வளையத்தை) தொடாமல் நிற்கின்றன. வராவிட்டால் ரிலே, கேபிள், எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கார்பன் மட்டும் மாற்றினால் போதுமா, மோட்டாரையே மாற்ற வேண்டுமா?

பதில்: அதைக் கம்யூட்டேட்டர்தான் முடிவு செய்யும். பிரிப்பதற்கு முன் மூடிகளுக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள்; தண்டில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்தன என்பதைப் படம் எடுத்து வையுங்கள். நிறைய ஓடிய வண்டியில் ஆயில் சீல் கசிந்து, கார்பன் தூளும் எண்ணெயும் குழைந்து கண்மை போல அப்பியிருக்கும். அதைத் துடைத்தபின் செப்புப் பட்டைகளின் மீது விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கார்பனும் விரைவில் அரைபட்டுப்போகும். அடுத்து, எந்தச் செப்புப் பட்டைக்கும் தண்டுக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் ஆர்மேச்சர், அதாவது கம்பி சுற்றிய சுழலும் பகுதி, போய்விட்டது. உள்சுவரில் ஒட்டியிருக்கும் காந்தங்களில் ஒன்று பெயர்ந்திருந்தாலும் மோட்டாரை மாற்றுவதே மேல். இவை யாவும் சரியாக இருந்தால் கார்பன் செட் போதும். முழு மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பச் செலவு என்பதாலோ என்னவோ, கடைகளில் அந்த வழியைப் பலர் சொல்வதில்லை.

கேள்வி: மோட்டார் ‘விர்’ரென்று சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் சுற்றவில்லை.

பதில்: மோட்டார் நன்றாகவே இருக்கிறது. மோட்டாரின் சுற்றை எஞ்சினுக்குக் கடத்தும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒன்-வே கிளட்ச் எஞ்சினுக்குள் இருக்கிறது; அதுதான் பெரும்பாலும் வழுக்கும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புது மோட்டாரை நானே மாட்டலாமா?

பதில்: தாராளமாக. எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். மறந்தால் ஸ்பானர் எங்காவது உரசித் தீப்பொறி பறக்கும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, அதில் கொஞ்சம் ஆயில் தடவிய பிறகே மோட்டாரை உள்ளே தள்ள வேண்டும். பல வண்டிகளில் மோட்டாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் கிடைக்கிறது; ஆகவே உட்காரும் இடத்தில் பெயிண்டோ துருவோ இல்லாமல் சுரண்டிவிடுங்கள். கேபிள் நட்டை முறுக்கும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போல்ட் முழுதாகத் திரும்பி உள்ளே இருக்கும் இன்சுலேஷன் உடைந்து, புது மோட்டார் அன்றைக்கே வீணாகும். நான் முதல் முறை மாட்டியபோது அப்படித்தான் ஆயிற்று.

கேள்வி: புது மோட்டார் போட்டும் மெதுவாகவே சுற்றுகிறதே?

பதில்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளின் முனைகளைக் கழற்றி, பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். அதுவரை ஐந்து நொடிக்கு மேல் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள்.