"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினால் அது செல்லுமா?

நூற்பாலையில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்த தங்களை, நூல் திருடியதாகச் சொல்லி, விசாரணையும் கடிதமும் இல்லாமல் மேலாளர் வாய்மொழியாகவே நிறுத்திவிட்டதாகவும், இது செல்லுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செல்லாது. ஆனால் விசாரணை நடக்காத ஒரே காரணத்தால் வேலை தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். நான் வழக்கறிஞர் அல்லன். கோவைப் பக்கம் ஓர் ஆலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன், சங்கத்தின் சார்பில் சில உள்விசாரணைகளில் தொழிலாளிக்குத் துணையாக உட்கார்ந்தவன்.

முறையான விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1963இலேயே சுர் எனாமல் வழக்கில் வகுத்துவிட்டது. குற்றச்சாட்டு இன்னதென்று தொழிலாளிக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சாட்சிகளைப் பொதுவாக அவர் முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்புச் சாட்சிகளை நிறுத்தவும் அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணங்களோடு எழுத வேண்டும்.

தண்டனையை முன்பே தீர்மானித்துவிட்டு நடத்தும் சடங்குதானே இது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு விசாரணையில் அந்த எண்ணம் மாறியது. கோன் வைண்டிங்கில் (நூலைக் கூம்பு வடிவக் கண்டுகளில் சுற்றும் பிரிவில்) இருந்த ஒருவர் இரண்டு கோன்களைச் சாப்பாட்டுப் பையில் மறைத்து எடுத்துப் போனதாகக் குற்றச்சாட்டு. பையைச் சோதித்ததாகக் காவலர் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். குறுக்கு விசாரணையில் அந்தத் தொழிலாளி கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்ண்ணா, அன்னைக்கு ராத்திரி கேட் புஸ்தகத்துல எழுதுனது நீங்கதானுங்களா?" ஆமாம் என்றார் காவலர். புத்தகத்தை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுவதும் வேறொருவரின் கையெழுத்து. அன்று இந்தக் காவலருக்கு வார விடுமுறை. மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்த தாளில் கையொப்பமிட்டதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டார். அந்தத் தாளை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்தத் தொழிலாளியின் வேலை அன்றே போயிருக்கும்.

இனி, பலரும் அறியாத பகுதிக்கு வருகிறேன். விசாரணையே நடத்தாமல் நீக்கியிருந்தாலும், அல்லது நடத்திய விசாரணை குறையுள்ளதாக இருந்தாலும், நிர்வாகம் தொழிலாளர் நீதிமன்றத்திலேயே முதன்முறையாகச் சாட்சியம் வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 1973இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே, "விசாரணை இல்லை" என்ற ஒன்றையே நம்பி வழக்குக்குப் போகாமல், திருடவில்லை என்பதற்கான ஆதாரங்களையும் இப்போதே திரட்டுங்கள்: அன்றைய ஷிப்ட், உடன் இருந்தவர்கள், பை சோதிக்கப்பட்ட நேரம். குற்றம் நிரூபணமானாலும் தண்டனை மிகையானது எனக் கருதினால் அதைக் குறைக்கும் அதிகாரம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவால் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. எனினும் திருட்டு என்று வந்துவிட்டால் அந்த இரக்கத்தை அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

காலக்கெடுவும் குறைந்திருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணிநீக்கத்தை எதிர்த்து நேரடியாக நீதிமன்றம் செல்ல 3 ஆண்டுகள் இருந்தன; 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பில் அது 2 ஆண்டுகள். ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ராஜினாமாக் கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையொப்பமிடாதீர்கள்; கணக்கை முடித்துத் தருவதாகக் கூப்பிட்டு நீட்டும் தாள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இன்றே, தாங்கள் வேலைக்கு வரத் தயாராக இருப்பதையும், இன்ன தேதியில் இன்னார் வாசலில் தடுத்ததையும் எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நிர்வாகத்துக்கு அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால், "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்" என்பதுதான் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் நிர்வாகத்தின் முதல் பதிலாக இருக்கும்.