நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதபோது நிலப் பிளவுகளை ஏன் ஆராய வேண்டும்?

நாளையும் நேரத்தையும் கணிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் பிளவு (நிலத்தடிப் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகரும் முறிவு) எங்கே செல்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, முன்பு எப்போதெல்லாம் உடைந்தது என்பவற்றை அறிய முடியும். பிளவின் குறுக்கே அகழி வெட்டி, அறுபட்ட மண் அடுக்குகளில் கிடைக்கும் கரித்துண்டுகளின் வயதைக் கணித்தால், நிலநடுக்கத்தைப் பதிவுசெய்யும் கருவிகள் தோன்றுவதற்கு முன் நிகழ்ந்த நிலநடுக்கங்களின் வரிசையும் தெரியவரும். ஜிபிஎஸ் நிலையங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வையும் காட்டிவிடுகின்றன (மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும் பிளவைவிட, அசையாமல் பூட்டிக்கொண்டு அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் பிளவே அதிகம் அஞ்சத்தக்கது). இவ்வாய்வின் பயன் அலாஸ்காவில் தெரிந்தது: தெனாலி பிளவைக் கடக்கும் எண்ணெய்க் குழாய், பக்கவாட்டில் நழுவக்கூடிய தாங்கிகளின்மேல் முன்னரே அமைக்கப்பட்டிருந்ததால், 2002 நவம்பரில் ஏற்பட்ட 7.9 அளவுள்ள நிலநடுக்கத்தில் நிலம் ஏறத்தாழ 4 மீட்டர் நகர்ந்தும் உடையவில்லை.