மணிக்கணக்கா, நாள்கணக்கா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது, குன்னூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். காலையில் சிரிப்பு, மதியம் அழுகை. நிச்சயம் செய்த பையன் போன் எடுக்காவிட்டால் கையைக் கீறிக்கொள்கிறாள். ஒரு டாக்டர் பைபோலார் என்று லித்தியம் கொடுத்தார். இன்னொருவர் பார்டர்லைன் என்கிறார். யாரை நம்புவது?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கியமான தகவல் அந்த போன்தான். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறில் மனநிலை பெரும்பாலும் நெருங்கிய ஒருவரைச் சுற்றியே ஆடும். விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் கிளம்பும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பைபோலார் என்பது மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய். அதில் எழுச்சி நிலை குறைந்தது 7 நாள் நீடிக்கும், லேசானது என்றால் 4 நாள். சோர்வு நிலைக்கு 2 வாரம். போன் வந்தாலும் வராவிட்டாலும் அது தன்பாட்டுக்கு ஓடும்.

அடுத்து தூக்கம். சண்டை போட்டு விடிய விடிய அழுதவள் மறுநாள் துவண்டு கிடப்பாள். எழுச்சியில் இருப்பவளோ 3 மணி நேரம் தூங்கிவிட்டு, அந்தக் குளிரிலும் இருட்டோடு எழுந்து வீடு கழுவுவாள், கடன் வாங்கி ஸ்வெட்டர் கடை போடப்போகிறேன் என்பாள். களைப்பே தெரியாது. (சீசன் கூட்டத்துக்காகக் கண்விழித்தது கணக்கில் சேராது.) அப்படி ஒரு வாரம் எப்போதாவது வந்ததா? வந்திருந்தால் பைபோலாரை ஒதுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

உங்கள் விவரம் பார்டர்லைன் பக்கம்தான் சாய்கிறது. அதற்காக லித்தியத்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையைப் பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள்; அதில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறைவு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் லித்தியம் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். இலை பறித்த முதுகுவலிக்கு வீட்டில் வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இந்த அளவை ஏற்றிவிடும். மலைக் குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைந்தாலும் ஏறும். கை பலமாக நடுங்கி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

6 வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினாள், மனநிலை எப்போது மாறி எப்போது அடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது. தைராய்டு பரிசோதனையோடு நோட்டையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பார்டர்லைன் என்று உறுதியானால் மாத்திரையைவிட டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைதான் முதன்மை. ஆனால் கை கீறுவதற்கு 6 வாரம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அழைத்துப் போங்கள். சாகப்போகிறேன் என்று பேசினால் தனியே விடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.